‘தி ஹே வெயின்’ ஓவியத்தைப் பார்க்க எங்கே போகலாம்? மூன்று இடங்கள், ஒரு நாள்

லண்டனில் ஒரு நாள் கையில் இருக்கிறது. ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் ‘தி ஹே வெயின்’ (காய்ந்த புல் ஏற்றும் வண்டி) ஓவியத்தை ஆற அமரப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இப்படி வருகிறவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரிக்குப் போய் முடிந்த ஓவியத்தைப் பார்க்கலாம். சவுத் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், அதே ஓவியத்துக்காக ஏறக்குறைய அதே அளவில் அவர் தீட்டிவைத்த முன்வரைவைப் பார்க்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் ரயிலேறி, ஓவியத்தில் வரும் சிற்றூரான ஃப்ளாட்ஃபோர்டுக்கே போய் அந்த நீர்க்கரையில் நிற்கலாம்.

எது நல்லது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: ஒன்றுதான் முடியும் என்றால் நேஷனல் கேலரி. அது புகழ்பெற்ற இடம் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த ஓவியத்தில் எனக்கு உயிராகப்படுவது அதன் வலது பாதி. தூரத்தில் வெயில் படர்ந்து கிடக்கும் அந்தப் புல்வெளி. அது முழுதாக இருப்பது முடிந்த ஓவியத்தில் மட்டும்தான். முன்வரைவில் அது இன்னும் பிறக்கவில்லை. ஃப்ளாட்ஃபோர்டில் வீடும் தண்ணீரும் இருக்கின்றன, ஆனால் கான்ஸ்டபிள் காட்டிய அந்த அகலம் கரையில் நின்றால் கிடைப்பதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. யாருக்கு எது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஓவியத்தைத் தெரியாதவர்களுக்காக. கான்வாஸ் மேல் எண்ணெய் வண்ணம், உயரம் 130 சென்டிமீட்டர், அகலம் 185 சென்டிமீட்டர். கோடைக்கால நண்பகல். முன்னால் ஆழமில்லாத ஆறு. அதன் நடுவில் மூன்று குதிரைகள் பூட்டிய வெற்று வண்டி ஒன்று தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது, வண்டியில் இரண்டு ஆட்கள். இடதுபக்கம் செங்கல் புகைபோக்கியோடு ஒரு பழைய வீடு, அதன் அருகே தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கும் பெண். கரையில் ஒரு நாய் வண்டியைப் பார்த்தபடி நிற்கிறது. வலதுபக்கப் புதருக்குள் படகோடு ஒரு மீன்பிடிக்காரர். இவற்றுக்கெல்லாம் பின்னால், மரங்கள் விலகும் இடத்தில், புல்வெளி திறக்கிறது. அங்கே வெள்ளைச் சட்டை போட்ட கூலியாட்கள் புல் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு வண்டியில் காய்ந்த புல்லை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் நிற்கும் வெற்று வண்டி அங்கேதான் போகப்போகிறது. மேலே மேகங்கள் உருண்டு நகர்கின்றன.

வண்டி ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றைக் கடப்பதற்குத்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் வெயில் காலத்தில் மரச்சக்கரம் காய்ந்து சுருங்கினால் மேலே அடித்த இரும்புப் பட்டை தளர்ந்துவிடும். தண்ணீரில் நின்றால் மரம் ஊறி உப்பி, பட்டை இறுகும். குதிரைகளின் கால்களும் குளிரும். அதற்காகவும் நிறுத்தியிருக்கலாம் என்பது பரவலான விளக்கம். மாவு ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்து இந்த வேலைகளுக்கு நடுவில் வளர்ந்த கான்ஸ்டபிளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவர் பிறந்தது 1776 ஜூன் மாதம், சஃபோக் மாவட்டத்தின் ஈஸ்ட் பெர்கோல்ட் ஊரில். அப்பா கோல்டிங் கான்ஸ்டபிள், ஒரு மைல் தள்ளி இருந்த ஃப்ளாட்ஃபோர்டு ஆலையை நடத்தியவர். ஓவியத்தில் வரும் வீட்டில் வில்லி லாட் என்ற விவசாயி வாழ்ந்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அந்த மனிதர், மொத்தமாக நான்கு இரவுகள்தான் அந்த வீட்டை விட்டு வெளியே தங்கினார் என்று சொல்வார்கள். ஓவியத்தில் ஓடும் ஸ்டூர் நதிதான் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களுக்கு எல்லை. ஓவியத்தின் இடக்கரை சஃபோக், வலதுபக்கம் விரியும் புல்வெளி எசெக்ஸ்.

இவ்வளவு மண்வாசனையோடு இருக்கும் படம், அந்த மண்ணில் தீட்டப்பட்டதல்ல. 1820 கடைசியிலிருந்து 1821 வசந்தம் வரை, லண்டனில் தன் வீட்டுப் பணியறையில் உட்கார்ந்து இந்த நண்பகலைக் கான்ஸ்டபிள் உருவாக்கினார். வெளியே குளிர்காலம். கையில் இருந்தவை பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே தீட்டி வைத்திருந்த சிறுசிறு எண்ணெய்ச் சித்திரங்கள், பென்சில் குறிப்புகள், நினைவு. வண்டியின் அமைப்பு சரியாக நினைவில் இல்லாததால் ஊரிலிருந்து ஒரு வண்டியின் கோட்டுச் சித்திரத்தை வரவழைத்தார். அவருடைய உதவியாளர் இளைய ஜான் டன்தார்ன் 1821 பிப்ரவரியில் அதை வரைந்தார். இந்தச் செய்தி மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது முக்கியமானது. ஃப்ளாட்ஃபோர்டுக்குப் போனால் ஓவியம் பிறந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். அங்கே பார்ப்பது அதன் மூலப்பொருளைத்தான். ஓவியம் பிறந்தது லண்டனில்.

சரி, இப்போது ஒவ்வொரு இடமாக.

நேஷனல் கேலரியில் அனுமதி இலவசம். ஹே வெயின் தொங்கும் பகுதியில் கான்ஸ்டபிளின் சமகால ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்களும் இருக்கும், கூட்டமும் இருக்கும். 2005-இல் பிபிசி வானொலி நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனிலுள்ள மிகச்சிறந்த ஓவியமாக டர்னரின் ‘ஃபைட்டிங் டெமரேர்’ தேர்வானபோது, இரண்டாம் இடம் ஹே வெயினுக்குத்தான். பிஸ்கட் டப்பா, நாட்காட்டி, சமையலறைத் துண்டு என்று எல்லாவற்றிலும் அச்சாகிவிட்ட படம் என்பதால், பலர் அதன் முன்னால் வந்து ‘ஓ, இதுதானா’ என்று தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த அவசரத்தைத்தான் தவிர்க்க வேண்டும்.

நான் பார்க்கும் முறை இது. முதலில் அறையின் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய்விடுகிறேன். அந்தத் தூரத்தில் வண்டியும் வீடும் சிறுத்து, வானத்தின் எடை தெரிகிறது. பரப்பில் வானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நிலக்காட்சி ஓவியத்தில் உணர்ச்சியைச் சுமக்கும் முதன்மையான உறுப்பு வானமே என்று அதே 1821-இல் தன் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டபிள் சொல்லியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அதன் பொருள் விளங்குகிறது. மேகத்தின் நிழல் எங்கே விழுகிறது, வெயில் எங்கே விழுகிறது என்பதுதான் தரையின் பச்சைகளை எல்லாம் தீர்மானிக்கிறது. முன்னால் மரங்கள் நிழலில் இருட்டாக நிற்க, அவற்றைத் தாண்டி புல்வெளி மட்டும் வெளிர்ப் பொன்னிறத்தில் மின்னுகிறது.

அப்புறம் நேராக நடுவுக்குப் போகாமல், படத்தின் வலதுமூலைப் பக்கமாக நெருங்குங்கள். பெரும்பாலானவர்கள் நடுவில் வண்டி முன்னாலேயே நிற்பதால் அங்கே இடம் கிடைக்கும். புல்வெளிக்குள் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தீற்றல், இரண்டு தீற்றல் வெள்ளை வண்ணம்தான். ஆனால் ஒருவர் அரிவாளைத் தீட்டுவதும், மற்றவர்கள் கவையால் புல்லைத் தூக்குவதும், வண்டியின் மேல் நிற்பவர் அதை வாங்குவதும் தெரியும். இவ்வளவு சின்ன உருவங்களுக்கு இவ்வளவு வேலை கொடுத்த ஓவியர் அந்தப் புல்வெளியைப் பின்னணி என்று நினைத்திருக்க முடியாது. அச்சுப் பிரதிகளில் இந்த இடம் ஒரு மஞ்சள் பட்டையாக நசுங்கிப் போகிறது. ஓவியத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அந்த உருவங்கள் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். நெப்போலியன் போர்கள் 1815-இல் முடிந்த பிறகு இங்கிலாந்தின் விவசாயம் சரிந்தது. கூலி குறைந்தது, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை இல்லை. 1816-இல் கிழக்கு ஆங்கிலியாவில் ரொட்டிக்காகக் கலவரம் வெடித்தது. ஹே வெயின் காட்சிக்கு வந்த அடுத்த ஆண்டு, 1822-இல், அதே பகுதியில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள், வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார்கள். ஊரில் இரவுதோறும் தீ எரிவதைக் கான்ஸ்டபிளின் தம்பி ஏப்ராம் அவருக்குத் தெரிவித்திருந்தார். ஓவியத்தில் அதன் சாயலே இல்லை. அங்கே எல்லோருக்கும் வேலை இருக்கிறது, வானம் நல்லபடியாக இருக்கிறது. இதைப் பொய் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளையின் பார்வை இது என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. தூரத்து ஆட்கள் முகமில்லாதவர்களாக இருப்பது அந்தப் பார்வையால்தான். ஆனால் அவர்கள் செய்யும் வேலையை அவர் எவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருந்தார் என்பதையும் அதே உருவங்கள்தான் காட்டுகின்றன. 1980-இல் பீட்டர் கென்னார்ட் என்ற கலைஞர் இந்த வண்டியில் அமெரிக்க ஏவுகணைகளை ஏற்றி ஓர் ஒட்டுப்படம் செய்தார். 2022 ஜூலையில் காலநிலைப் போராட்டக்காரர்கள் இருவர், எண்ணெயும் விமானமும் நிறைந்த ஒரு மாற்றுக் காட்சியை இதன் மேல் ஒட்டிவிட்டு, ஓவியத்தின் மரச்சட்டகத்தோடு தங்கள் கைகளையும் ஒட்டிக்கொண்டார்கள். நாட்டின் அமைதிக்கு அடையாளமாக இந்தப் படத்தை எல்லோரும் எடுத்துக்கொள்வதால்தான், அமைதி இல்லை என்று சொல்ல வருபவர்களும் இதையே தேடி வருகிறார்கள்.

நேஷனல் கேலரியில் இன்னொரு வசதி. கான்ஸ்டபிள் யாரிடமிருந்து கற்றுக்கொண்டார் என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஃப்ளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் 1636 வாக்கில் தீட்டிய ‘ஹெட் ஸ்டீன்’ மாளிகையின் அதிகாலைக் காட்சி அங்கே இருக்கிறது. அதிலும் இடதுபக்கம் ஒரு வண்டி தண்ணீரைக் கடக்கிறது, வலதுபக்கம் திறந்த வெளி கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. அது சர் ஜார்ஜ் போமாண்ட் என்பவரிடம் இருந்த ஓவியம், கான்ஸ்டபிள் அவரை நன்கு அறிந்தவர். போமாண்டுக்கு நிலக்காட்சி என்றால் பழைய பிடிலின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். கான்ஸ்டபிள் ஒரு பிடிலை எடுத்துப் பச்சைப் புல்தரையில் வைத்துக் காட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. ரூபன்ஸைப் பார்த்துவிட்டு ஹே வெயினுக்குத் திரும்பினால், அந்தப் பச்சை அந்தக் காலத்துக்கு எவ்வளவு துணிச்சலானது என்பது தெரியும். அந்தப் பச்சையை இன்னும் பச்சையாக்குவது குதிரைகளின் கழுத்துப்பட்டையில் வைத்த சிவப்பு.

இந்தத் துணிச்சலை லண்டன் அப்போது வாங்கிக்கொள்ளவில்லை. 1821-இல் ராயல் அகாதமி என்ற கலைஞர் அமைப்பின் கண்காட்சியில் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்ற பெயரில் தொங்கியது, விற்கவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு கண்காட்சியிலும் விற்கவில்லை. பாரிஸிலிருந்து வந்த ஜான் ஆரோஸ்மித் என்ற வியாபாரி 70 பவுண்டுக்குக் கேட்டார். கான்ஸ்டபிள் கொடுக்கவில்லை. 1824-இல் இன்னொரு பெரிய ஓவியத்தையும் ஒரு சிறு கடற்கரைக் காட்சியையும் சேர்த்து மொத்தம் 250 பவுண்டுக்கு முடிந்தது. அந்த ஆண்டு பாரிஸின் சலோன் கண்காட்சியில் அதற்குப் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய ‘கியோஸ் படுகொலை’ ஓவியத்தின் பகுதிகளைத் திரும்பத் தீட்டினார் என்று சொல்லப்படுகிறது. பதக்கம் வாங்க ஓவியர் பாரிஸ் போகவில்லை. வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதில்லை.

இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். இங்கும் அனுமதி இலவசம். இங்கே இருக்கும் முன்வரைவு 137க்கு 188 சென்டிமீட்டர், முடிந்த ஓவியத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முழு அளவில் ஒரு முன்வரைவு தீட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே அளவில் இன்னொரு கான்வாஸில் முடிந்த ஓவியத்தைத் தீட்டுவது அந்தக் காலத்தில் வேறு யாரும் செய்யாத வேலை. 1819-இல் ‘வெள்ளைக் குதிரை’ ஓவியத்தின்போது கான்ஸ்டபிள் இதைத் தொடங்கினார். கையளவு சித்திரங்களிலிருந்து ஆறடிக் கான்வாஸுக்குத் தாவுவதற்கு நடுவில் ஒரு படி தேவைப்பட்டது. ஸ்டூர் நதிக்கரையை ஆறு பெரிய கான்வாஸ்களில் தொடராகத் தீட்டியவருக்கு அந்தப் படி சோதனைக்கூடம் போல ஆனது.

இரண்டு ஓவியங்களும் ஒரு காலத்தில் ஒரே மனிதரிடம் இருந்தன. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர். முடிந்த ஓவியத்தை 1886-இல் நேஷனல் கேலரிக்குக் கொடுத்தார். முன்வரைவை உயில் வழியாக விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்கு விட்டுப்போனார், 1900-இல் அது அவர்கள் உடைமையானது. அந்த மனிதர் எடுத்த முடிவால்தான் இன்று நாம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் அலைகிறோம்.

முன்வரைவில் வண்ணம் ஓடும் வேகம்தான் கண்ணை இழுக்கும். அடியில் பூசிய பழுப்பு பல இடங்களில் அப்படியே வெளியே தெரிகிறது. மரங்கள் இலைகளாக இல்லாமல் கருமையின் திரள்களாக நிற்கின்றன. தண்ணீரின் மேல் வெள்ளை கத்தியால் அப்பியதுபோல் கிடக்கிறது. நாய்க்குப் பக்கத்தில், கரையோரம், குதிரையோடு ஓர் ஆள் இருக்கிறார். முடிந்த ஓவியத்தில் இவர் இல்லை. முதலில் அந்த இடத்தில் ஒரு பீப்பாயைப் போட்டுப் பார்த்து, அதையும் கான்ஸ்டபிள் அழித்துவிட்டார். எண்ணெய் வண்ணம் காலப்போக்கில் மெல்ல ஊடுருவித் தெரியத் தொடங்கும் என்பதால், நேஷனல் கேலரியில் அந்த இடத்தை உற்றுப் பார்த்தால் அழிக்கப்பட்டதன் நிழல் தெரிகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தேடச் சொல்லலாம். அவர்கள் ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஓவியம் தீட்டுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது: நீங்கள் முன்வரைவைப் பார்க்கப் போங்கள். ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது அங்கேதான் தெரிகிறது. எந்த இடத்தை முதலில் பிடித்தார், எதைத் தள்ளிவைத்தார், இருட்டையும் வெளிச்சத்தையும் எந்த அளவில் எடைபோட்டார் என்பதெல்லாம் மூடப்படாமல் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் விமர்சகர்கள் பலர் முடிந்த ஓவியத்தைவிட இதையே உயர்த்திப் பேசினார்கள். வேகமான தீற்றல்களால் ஒளியைப் பிடிக்கும் இம்ப்ரெஷனிசப் பாணியும் அதற்குப் பின் வந்தவையும் பழக்கிய கண்ணுக்கு இந்த வேகம் நெருக்கமாக இருந்தது இயல்புதான்.

ஆனால் அந்த மதிப்பீட்டோடு நான் ஒத்துப்போகவில்லை. முன்வரைவைக் கான்ஸ்டபிள் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. அது அவருடைய வேலைக் கருவி. அதில் இருக்கும் ஆவேசம் நிஜமானது, ஆனால் அதில் இல்லாதது என்ன என்றும் பார்க்க வேண்டும். வலதுபக்கம் பாருங்கள். புல்வெளி சில வெளிர்ப் பட்டைகளாக நிற்கிறது. தூரம் இன்னும் தூரமாகவில்லை. அங்கே ஒரு நாள் முழுக்க வேலை நடக்கிறது என்ற உணர்வு இன்னும் வரவில்லை. முன்வரைவுக்கும் முடிந்த ஓவியத்துக்கும் இடையில் கான்ஸ்டபிள் எதற்காக அவ்வளவு உழைத்தார் என்று கேட்டால், என் பதில் இந்த வெளியைத் திறப்பதற்காக என்பதுதான். குதிரையை எடுத்தார், பீப்பாயை எடுத்தார், கண் தடையில்லாமல் தண்ணீரைத் தாண்டி வெயிலுக்குள் போக வழிசெய்தார். மெருகேற்றுவது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் பக்கம் சேரும் இன்னொரு எடை உண்டு. கான்ஸ்டபிளின் மகள் இசபெல் 1888-இல் அப்பாவின் பணியறையில் மிஞ்சியிருந்த சித்திரங்களை நூற்றுக்கணக்கில் இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். லண்டனின் வடபகுதியான ஹாம்ஸ்டெட்டில் நின்று கான்ஸ்டபிள் தீட்டிய மேகச் சித்திரங்கள் சில இங்கே உள்ளன. தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் பின்பக்கம் குறித்து வைப்பார். ஜான் ஷீப்ஷாங்க்ஸ் என்ற சேகரிப்பாளர் 1857-இல் கொடுத்த ‘ஃப்ளாட்ஃபோர்டு ஆலை அருகே படகு கட்டுதல்’ என்ற 1815ஆம் ஆண்டு ஓவியமும் இங்கேதான். அதை முழுக்க வெளியில் நின்றே தீட்டினார் என்பார்கள். ஆகவே ஒரே ஓவியத்தைவிட ஓர் ஓவியரின் வேலை முறை முழுவதையும் பார்க்க விரும்புகிறவருக்கு இது மூன்றிலும் சிறந்த இடம். காட்சியில் எது இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், காகிதத்தில் உள்ளவை எப்போதும் வெளியே இருப்பதில்லை. போகும் முன் இணையத்தில் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழி, ஃப்ளாட்ஃபோர்டு. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மேனிங்ட்ரீ வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆற்றங்கரையோரமாக மூன்று கிலோமீட்டர் அளவு நடை. நிலையத்திலிருந்து வண்டி பிடித்தும் போகலாம், ஆனால் நடக்க முடிந்தவர்கள் நடப்பதே நல்லது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சிற்றூர், பழமையான இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. வில்லி லாட்டின் வீடு நிற்கிறது, ஆலைக் கட்டடம் நிற்கிறது, தண்ணீர் இருக்கிறது. வீடும் ஆலையும் களப்படிப்பு மையமாக இயங்குவதால் சாதாரணப் பார்வையாளர்கள் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து பார்க்கலாம். பாலத்தருகே உள்ள பழைய குடிலைப் பார்க்கலாம், தேநீர் குடிக்கலாம். வீட்டை நேரில் கண்டதும் ஒரு சிலிர்ப்பு வரத்தான் செய்கிறது. கான்ஸ்டபிள் ஃபிஷருக்கு எழுதிய அதே 1821 கடிதத்தில், ஆலை மதகிலிருந்து தண்ணீர் விழும் ஓசையும், வில்லோ மரங்களும், உளுத்த பலகைகளும், பாசி படிந்த கம்பங்களும், செங்கல் சுவர்களும் தனக்குப் பிரியமானவை என்று சொல்லியிருந்தார். தண்ணீரின் ஓசையும் ஈரமான மரத்தின் வாசனையும் இங்கே வந்தால்தான் கிடைக்கும். எந்தக் கேலரியும் அதைத் தர முடியாது.

ஆனால் ஓவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கோணத்தைத் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். இருநூறு ஆண்டுகளில் மரங்கள் மாறிவிட்டன, கரை மாறிவிட்டது. அதைவிடப் பெரிய காரணம், கான்ஸ்டபிள் தனித்தனி இடங்களில் நின்று எடுத்த குறிப்புகளை லண்டனில் ஒன்றாகச் சேர்த்தார் என்பது. வீட்டைப் பார்த்தபடி நின்று கைப்பேசியில் படம் எடுத்தால் ஓவியத்தின் இடது பாதி கிடைக்கும். வலது பாதிக்கு வேறு இடம் போக வேண்டும்.

அதனால்தான் நடக்கச் சொன்னேன். ஃப்ளாட்ஃபோர்டு பாலத்தைக் கடந்து எசெக்ஸ் பக்கத்துப் புல்வெளிகள் வழியாக டெடம் ஊரை நோக்கி நடந்தால், பள்ளத்தாக்கு மெல்லத் திறக்கிறது. தாழ்ந்த வெளி, மாடுகள், ஆற்றோர மரங்கள், தூரத்தில் டெடம் தேவாலயக் கோபுரம். கான்ஸ்டபிளின் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவது இதே கோபுரம்தான். சிறுவயதில் அவர் படித்த பள்ளியும் டெடமில்தான் இருந்தது. இந்தப் பகுதி முழுவதும் 1970 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதியாக இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே இதைக் கான்ஸ்டபிளின் நாடு என்று மக்கள் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். கோச்சு வண்டியில் உடன் வந்த ஒருவர், தன்னிடம் பேசுவது யார் என்று தெரியாமலே அப்படிச் சொன்னதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஃப்ளாட்ஃபோர்டில் வீட்டின் முன்னால் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை இந்தப் புல்வெளிகளுக்குக் கொடுங்கள்.

பருவம் முக்கியம். ஓவியத்தில் இருப்பது புல் அறுக்கும் காலம், அதாவது ஜூன் கடைசியும் ஜூலையும். அந்த வாரங்களில் போனால் ஒளி ஏறக்குறைய அதே ஒளி. குளிர்காலத்தில் இந்த வெளியெல்லாம் சேறு, மழை பெய்தால் தண்ணீர் ஏறிவிடும். டிசம்பரில் லண்டன் வருகிறவர் ஃப்ளாட்ஃபோர்டுக்காக ஒரு நாளைச் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயதானவர்களையோ சின்னக் குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் அந்த நடை கடினம்.

லண்டனின் இன்னொரு ஓவியக்கூடமான டேட் பிரிட்டனையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். அங்கே ‘ஃப்ளாட்ஃபோர்டு ஆலை’ என்ற 1816–17 ஓவியம் இருக்கிறது. ஹே வெயினுக்கு முந்தையது, பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்று தீட்டியது. இசபெல் விட்டுப்போன இன்னொரு சொத்து. அழகானது, ஆனால் ஹே வெயினுக்கு மாற்று ஆகாது. வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு நேஷனல் கேலரியின் இணையதளத்தில் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. புல் அறுப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்க அது நேரில் பார்ப்பதைவிடவும் உதவும். ஆனால் எதிர்ச்சுவரிலிருந்து வானத்தைப் பார்க்கும் அனுபவம் திரையில் வராது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒரு முழு நாள் இருந்தால், காலையில் நேஷனல் கேலரி, மதியத்துக்கு மேல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட். இரண்டுக்கும் நடுவில் லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து சவுத் கென்சிங்டன் வரை பிக்கடிலி சுரங்க ரயில் பாதையில் மாறாமல் போகலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டாம் என்பேன். முடிந்த ஓவியம் மனதில் இருக்கும்போது முன்வரைவைப் பார்த்தால் எது போனது, எது வந்தது என்பது உடனே கண்ணில் படும். முன்வரைவை முதலில் பார்த்தால் அதன் வேகத்தில் மயங்கி, முடிந்த ஓவியம் அடக்கமாகத் தோன்றிவிடும் ஆபத்து உண்டு. வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் வசதி. நேஷனல் கேலரி இரவு 9 மணி வரையும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் 10 மணி வரையும் திறந்திருக்கும். வெள்ளி மாலையில் கூட்டமும் குறைகிறது.

அரை நாள்தான் என்றால் நேஷனல் கேலரி மட்டும். ரூபன்ஸையும் சேர்த்துப் பாருங்கள், டர்னரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஓவியம் தீட்டுகிறவர், அரை நாள்தான் உண்டு என்றால் முன்வரைவு. ஓவியத்தில் பெரிய ஈடுபாடு இல்லை, இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு நாள் கால்வலிக்க நடக்க வேண்டும், கோடைக்காலம் என்றால் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஃப்ளாட்ஃபோர்டு. இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் லண்டன் இரண்டும், மறுநாள் மேனிங்ட்ரீ ரயில்.

எங்கே போவதாக இருந்தாலும் கிளம்பும் அன்று காலை அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஓவியம் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு புகழ்பெற்றவை கண்காட்சிகளுக்கு இரவல் போவதும், அறை மாறுவதும் சகஜம்.